மழை மணிக்கு அப்புறம்

என் தம்பி டயாலிசிஸ் போதும் என்று சொன்னபோது நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் சொன்ன விஷயத்தைவிடச் சொன்ன விதம்தான் எனக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது. காப்பிக்குச் சீனி வேண்டாம் என்கிற குரலில், "போதும்கா, நிறுத்திக்கலாம்" என்றான்.

"எத நிறுத்துறது?"

"அதான், அந்த மிஷின."

நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் அழுதிருப்பேன், அவன் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது. அவனுக்குக் கண் தெரியாது என்பது வேறு விஷயம். அழுகிற சத்தம் நன்றாகவே கேட்கும்.

அவன் லாரி ஓட்டியவன். மலேசியச் சாலைகளில், கோப்பெங்கிலிருந்து சிங்கப்பூர் எல்லை வரை ராத்திரி பகல் பாராமல் ஓட்டினான். வழியெல்லாம் தே தாரிக் என்கிற சீனிப்பால் டீ, வழியெல்லாம் ரொட்டி. சர்க்கரை வியாதி முதலில் கண்ணை எடுத்தது, பிறகு கிட்னியை எடுத்தது. நான் அவனுக்கு நாலு வயது மூத்தவள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் செய்துகொண்டான், நிலைக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் வந்து சேர்ந்தோம். மூன்றாவது மாடி. லிப்ட் தனக்கு மனம் வந்தால் ஓடும்.

வாரத்துக்கு மூன்று முறை அவனைக் கீழே இறக்கி, வாடகைக் காரில் ஏற்றி, டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. நாலு மணி நேரம் மிஷினில் கிடப்பான். வீட்டுக்கு வந்து வாந்தியெடுப்பான். மறுநாள் கொஞ்சம் மனிதனாக இருப்பான். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும். இதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு. எனவே அவன் என்ன கேட்கிறான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த வார்த்தையை மட்டும் இரண்டு பேருமே சொல்லவில்லை.

"வாயக் கழுவுடா" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை எண்ணெயில் போட்டேன். அன்று அது கருகிப்போனது. அவன் அதையே சாப்பிட்டான்.

அந்த வாரம்தான் நிலையத்தில் புதிர் வந்தது. அது நன்கொடையில் ஓடுகிற இடம். எப்போதும் ஏதாவது ஒன்றுக்குக் கையேந்திக்கொண்டிருக்கும். போன முறை பலகார விருந்து, அதற்கு முன்பு நடைப்பயணம். கிட்னி போனவர்களுக்காக மற்றவர்கள் எல்லாம் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். இந்த முறை ஒலிப் புதிர். கொஞ்சம் நன்கொடை கொடுத்துச் சேர்ந்தால் வாரம் ஒரு ஒலிப்பதிவை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார்கள். அதில் தட்டுகிற சத்தம் மட்டும் இருக்கும். அதைக் கேட்டு என்ன வார்த்தை என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் மூன்று வார்த்தைகள்.

அதை எங்களிடம் விற்றவள் பாரிட் புந்தாரிலிருந்து வந்து வேலை பார்க்கிற ஒரு மிஸ்ஸி. எங்கள் பக்கம் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். சின்னப் பெண். அவனுக்கு ஊசி குத்திக்கொண்டே சொன்னாள்.

"ரொம்ப ஈஸி ஆன்ட்டி. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குன்னே செஞ்சது. இதுக்குக் கண்ணே வேணாம், காது இருந்தா போதும்லா."

சொன்ன பிறகுதான் யாருக்கு ஊசி குத்துகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. முகம் செத்துப்போனது. என் தம்பி சிரித்துவிட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். உடனே நன்கொடையைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பேரம் பேசினேன்.

"இந்தப் புதிர் முடியிற வரைக்கும் வா. அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கமாட்டேன்."

"நீ? வாயத் தொறக்கமாட்ட?"

"மாட்டேன்."

அவன் "சரிக்கா. அது முடியிற வரைக்கும் வாரேன்" என்றான்.

எனக்கு ஒரு தந்திரம் இருந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அது எளிதாக இருக்கலாம், எங்களுக்கு இருக்காது என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேருடைய மூளையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு வார்த்தைக்கு ஒரு மாதமாவது திண்டாடுவோம், அதற்குள் அவனுக்கு மனம் மாறிவிடும் என்று இருந்தேன்.

முதல் ஒலிப்பதிவோடு ஒரு படமும் வந்தது. ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. சி-க்கும் கே-க்கும் ஒரே கட்டம். முதலில் தட்டுவது எந்த வரிசை என்று சொல்லும். கொஞ்சம் இடைவெளி விட்டுத் தட்டுவது அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்று சொல்லும். இதை நான் அவனுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முட்ட தட்டு இருக்காக்கா?" என்றான்.

மார்க்கெட்டில் முப்பது முட்டை வாங்கினால் அட்டைத் தட்டோடு தருவார்களே, அதைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். விரலால் தடவி ஒரு வரிசையை வெட்டச் சொன்னான். மிச்சம் ஐந்துக்கு ஐந்து குழி நின்றது. ஆட்காட்டி விரலைக் குழிகளில் விட்டு விட்டு ஏ, பி, சி என்று பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். அவ்வளவுதான். பிறகு போனைப் போடச் சொன்னான்.

மேசையில் மரக்கட்டையால் தட்டுகிற சத்தம். டொக். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். அவன் விரல் முதல் குழியில் இறங்கியது. "ஏ" என்றான். நான் எழுதிக்கொண்டேன். அடுத்தது ஐ. அதற்கடுத்தது ஆர். சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை.

"ஆயெர்" என்றான். மலாயில் தண்ணீர். "எனக்குப் போயி தண்ணியக் குடுக்குறானுங்க பாரு."

ஒரு நாளைக்கு அவனுக்கு அளந்து கொடுக்கிற தண்ணீர் ஒரு பெரிய டம்ளருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வான். அதற்கும் கணக்கு உண்டு, அந்தக் கணக்கை நான்தான் பார்ப்பேன். எனக்குப் புதிர் செய்தவர்கள் மேல் கோபம் வந்தது. அவனோ அதைப் பெரிய வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். அடுத்த முறை நிலையத்துக்குப் போனபோது பக்கத்து நாற்காலியில் கிடந்த சீனத்துப் பெரியவரிடம் மலாயில் அளந்துகொண்டிருந்தான். அவரும் புதிரில் சேர்ந்திருந்தார், ஆனால் கண்டுபிடிக்கவில்லை. இவன் விடையைச் சொல்லவும் இல்லை. ஒரு மிதப்போடு கிடந்தான்.

இரண்டாவது ஒலிப்பதிவில் தட்டுகிற சத்தத்தோடு சாலை இரைச்சலையும் கலந்திருந்தார்கள். விசிறியை நிறுத்தச் சொன்னான். ஐஸ் பெட்டியையும் நிறுத்தச் சொன்னான். பக்கத்து வீட்டு டிவியை நிறுத்தச் சொல்லி என்னைத் தூது அனுப்பினான், போய் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு வந்தேன். வேர்க்க வேர்க்க உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டோம். அந்த வார்த்தை பீசாங். வாழைப்பழம்.

"இவனுங்க நம்ம நாக்கு தெரிஞ்சு அடிக்கிறானுங்கலா" என்றான்.

வாழைப்பழம் அவனுக்கு விஷம். கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு அதில் உள்ள சத்து இதயத்தையே நிறுத்திவிடும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். பிறகுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் எங்களைக் கேலி செய்யவில்லை. நோயாளிக்கு என்னென்ன ஆகாது என்று ஊருக்குப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியங்களிலிருந்து மனிதனைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை.

எனக்கு அந்த நாட்களில் நம்பிக்கையே வரவில்லை என்று சொன்னால் பொய். அவன் தானாகவே முகச்சவரம் செய்துகொண்டான். முட்டைத் தட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். மேசையில் தட்டி என் பெயரை எழுதிக்காட்டினான், எனக்கு அது புரிய அரை நாள் ஆனது.

ஆனால் உடம்புக்கு இந்தப் புதிர் தெரியாதே. அந்த வாரமே கையில் ஊசி குத்துகிற இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கை முழங்கைவரை வீங்கிக் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் செருகினார்கள். அதற்குப் பிறகு அவனால் குளிக்க முடியவில்லை, ஒரு பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மிஷினில் கிடக்கும்போது குளிர் நடுக்கம் எடுக்க ஆரம்பித்தது. மிஸ்ஸி மேலே மேலே போர்வையைப் போடுவாள், அதற்குள்ளிருந்து பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்கும். ஒரு நாள் காரில் வரும்போது, "இனிமே தாஹான் பண்ண முடியலக்கா" என்றான். தாங்க முடியவில்லை என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வழக்கம்போல மலை நின்றது.

"இன்னும் ஒரு வார்த்த இருக்கு" என்றேன்.

"இருக்குலா. மறக்கல."

மூன்றாவது ஒலிப்பதிவு ஒரு பிற்பகலில் வந்தது. கூடவே நீளமாக ஏதோ எழுதி அனுப்பியிருந்தார்கள். இரண்டு தரம் செய்து பழகியவர்களுக்கு விளக்கம் எதற்கு என்று நான் படிக்கவில்லை. விசிறியை நிறுத்தினேன், ஐஸ் பெட்டியை நிறுத்தினேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டான். போனைத் தொட்டேன்.

இந்த முறை மரமில்லை, இரும்பு. தொங்குகிற இரும்பில் இரும்பால் அடிக்கிற சத்தம். டங் டங். நிறுத்தம். டங் டங். நிறுத்தம். டங் டங்.

அவன் விரல் தட்டில் அசையவே இல்லை. முகம் நிமிர்ந்தது. நான் கை நீட்டிப் போனை நிறுத்திவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை அதுவாகப் போனது.

"மழ மணி" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் பிறந்தது சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே ஒரு பால்மரம்கூடக் கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. போனால் போகட்டும். தோட்டத்தை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. உருகுகிறவர்கள் யாரும் விடியற்காலையில் அட்டைக்கடியோடு பாலுக்கு மரப்பட்டை வெட்டியிருக்க மாட்டார்கள். அங்கே ஆள் கணக்கெடுக்கிற களத்தில் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். இருட்டோடு அதை ஒவ்வோர் அடியாக நிதானமாக அடித்தால் பெரட்டுக்கு வா என்று அர்த்தம். பெரட்டு என்றால் ஆள் கணக்கு. மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பாலெல்லாம் பட்டையில் வழிந்துவிடும். அப்போது இரண்டிரண்டாக அடிப்பார்கள். மற்றத் தோட்டங்களில் எப்படியோ, எங்கள் தோட்டத்தில் அதுதான் மழை மணி. இன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் படு என்று அர்த்தம்.

முதல் இரண்டு அடி விழுந்ததுமே லயத்து வரிசையில் எல்லா வீட்டிலும் விளக்கு அணையும். மிச்ச மணியை யாரும் நின்று கேட்பதில்லை. பாதிக் காப்பியில் இருக்கிறவர்கள்கூடப் போய்ப் படுத்துவிடுவார்கள். அதனால்தான் என் கை போனை நிறுத்தியது. மணி கேட்டாயிற்று, அதற்கு மேல் என்ன இருக்கிறது? இப்படி ஒரு தப்பை எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தப் புதிரில் சேர்ந்த வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அவனுக்கு அந்த மணி என்றால் கொண்டாட்டம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அம்மாவோடு போய்ப் பால் வடிகிற மங்குக் கிண்ணங்களைத் துடைக்கிற வேலை இல்லை, இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். எனக்கு அப்படி இல்லை. நான் மூத்தவள், வேலை இல்லை என்றால் கூலி இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மழை மணி அடித்தால் நான் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன்.

"எத்தன வருசம் ஆச்சு, அப்படியே இருக்குக்கா" என்றான். "யாரோ நம்ம ஆளுதான் அடிச்சிருக்கான்."

"யாராவது வாலண்டியர் பொண்ணு சமையல்கட்டு இரும்ப அடிச்சிருக்கும்."

"இருக்கட்டும்." அவன் தட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். "வேல இல்ல. படுத்துக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் அப்படியே சரிந்து படுத்தான். கழுத்துக் குழாய் போட்ட பிறகு அவன் அவ்வளவு நன்றாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பழையபடி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் டயாலிசிஸ். கார் கீழே வந்து நின்றது. அவன் எழுந்திருக்கவில்லை.

"வரலக்கா."

"புதிர் முடியலடா. பேச்சு பேச்சா இருக்கணும்."

"மணி அடிச்சாச்சுல்ல. மணி அடிச்சா திரும்பிப் படுக்குறதுதானே."

நான் என்னென்னவோ பேசினேன். கோழை என்றேன். பெண்டாட்டி விட்டுப் போனது சரிதான் என்றேன். லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு உடம்பை ஓட்டத் தெரியவில்லை என்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கார்க்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் போனில் அவனோடு நிதானமாகப் பேசினார், பிறகு என்னிடம், அவர் தெளிவாக இருக்கிறார், முடிவு அவருடையது என்றார். எனக்கு அந்தத் தெளிவின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு கணக்கு எதுவும் இல்லை. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். ஐஸ் போட்ட பார்லி கேட்டான், ஒரு குவளை நிறையக் கொடுத்தேன். பீசாங் கேட்டான். மார்க்கெட்டில் போய் ஒரு சீப்பு வாங்கிவந்தேன். கடைக்காரி நல்ல இனிப்பு, நாலு நாள் தாங்கும் என்றாள். காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். அவன் தோலை உரித்து மெதுவாகச் சாப்பிட்டான். கால் இரண்டும் அதற்குள் வீங்கிவிட்டன, மூச்சு வாங்கியது.

"மூணாவது வார்த்த எதுவா இருக்கும்கா?"

நான் அவனைப் பார்த்தேன்.

"அதான் மழ மணின்னு சொன்னியே."

"ரெண்டு ரெண்டா அடிச்சுட்டு அப்படியே விட்டுருவானுங்களா? பின்னால வார்த்த இருந்திருக்கும்லா."

"தெரிஞ்சுதான் நிறுத்தச் சொன்னியா?"

"நான் எங்க சொன்னேன்? நீதானே நிறுத்துன."

"மறுபடி போடச் சொல்லியிருக்கலாம்ல."

"நல்லா இருந்துச்சுக்கா" என்றான். "அதான் விட்டுட்டேன்."

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. வாழைப்பழத் தோலை வாங்கிக் குப்பையில் போட்டேன். இப்போதே போட்டுக் கேட்போமா என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில், நான் காப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மிஸ்ஸி வீட்டுக்கு வந்தாள். லிப்ட் ஓடவில்லை, மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையில் பரிசுப் பொட்டலம், பிஸ்கட்டும் மைலோவும். இரண்டு வார்த்தை கண்டுபிடித்தவர்களுக்கு ஆறுதல் பரிசாம். வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் புதிரைப் பற்றிப் பேசினாள்.

"மூணாவதுக்கு அங்கிள் ஒண்ணும் அனுப்பலையே ஆன்ட்டி. அவருதான் ஃபர்ஸ்ட்டா அனுப்புவாருன்னு நாங்க எல்லாம் நெனச்சோம்."

நான் மழை மணியைப் பற்றிச் சொன்னேன். அவள் பிறந்தது நெல் விளைகிற ஊரில், பெரட்டு என்றாலே அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது சும்மா ஆரம்பிக்கப் போறோம்னு அடிச்சது ஆன்ட்டி. மெசேஜ்லயே போட்டிருந்தோமே. வார்த்த அதுக்கப்புறம்தான் வருது. ரொம்ப ஈஸி, அங்கிளுக்கு ரெண்டு நிமிசம்கூட ஆயிருக்காது. அது வந்து..."

"சொல்லாதம்மா."

"இல்ல ஆன்ட்டி, போட்டிதான் முடிஞ்சிருச்சே, சொன்னா..."

"சொல்லாதன்னு சொல்றேன்லா."

குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அவள் பயந்துபோய், நான் கலக்கி வைத்த மைலோவைக் குடிக்காமலேயே கிளம்பிவிட்டாள். படிவரை போய் வழியனுப்பினேன். பாவம், நல்ல பெண்.

முட்டைத் தட்டு இன்னும் அவன் தலைமாட்டில் இருக்கிறது. ஒலிப்பதிவு போனில் இருக்கிறது. சில நாள் விசிறியை நிறுத்திவிட்டு அதைப் போடுவேன். டங் டங். நிறுத்தம். டங் டங். மூன்றாவது ஜோடி விழுவதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன். உப்பாக இருக்கும், இல்லையென்றால் வேறு ஏதாவது ஆகாத பண்டமாக இருக்கும், எதுவாக இருந்தால் எனக்கென்ன. அது முடிகிறவரைக்கும் வருகிறேன் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். இன்னும் முடியவில்லை.